பார்க்கக் கற்றுத்தந்த அம்மையார்
மரியா மொண்டிசோரியின் வாழ்க்கை

எங்கள் ஊர்களிலே மூன்று வயதுப் பிள்ளையொன்று காலையில் தலைவாரி, தோளிலே சிறு பையொன்றை மாட்டிக்கொண்டு, தாயின் கையைப் பிடித்து நடக்கும்பொழுது, எங்கே போகிறாய் என்று கேட்டால் மொண்டிசோரிக்கு என்று பதில் சொல்லும். பாலர் வகுப்புக்கு இந்நாட்டிலே அதுவே பெயராக நிலைத்துவிட்டது. அது ஒரு கட்டடத்தின் பெயருமல்ல, ஒரு வகுப்பின் பெயருமல்ல, ஒரு பெண்மணியின் பெயர் என்பது பிள்ளைக்குத் தெரியாது. அழைத்துச் செல்லும் தாய்மாருள்ளும் பலர் அதனை எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

அந்த வகுப்பிலே பிள்ளை படிக்கும் முதற் பாடங்களுள் ஒன்று கண்ணைப் பற்றியது. சுவரிலே தொங்கும் படத்தை ஆசிரியை தொட்டுக் காட்டுவார். இது கண், கண்ணாலே பார்க்கிறோம் என்று பிள்ளைகள் ஒரே குரலிற் சொல்வார்கள். பாடம் முடிந்துவிடும். ஆனால் கண் என்னும் பெயரை அறிவது ஒன்று. கண்ணைக்கொண்டு பார்க்கப் பழகுவது வேறொன்று. இந்த வேற்றுமையை உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர் மரியா மொண்டிசோரி அம்மையார். பிள்ளையைப் பார்க்கப் பழக்கவேண்டும் என்பது அவர் போதித்ததிற் பாதி. பெரியவர்கள் பிள்ளையைப் பார்க்கப் பழகவேண்டும் என்பது மறுபாதி. அந்த மறுபாதியை அவர் கற்றுக்கொண்டதற்குத் தமது சொந்த வாழ்விலே கொடுத்த விலை பெரிது.

சிவப்புக் கடதாசித் துண்டு

இத்தாலி நாட்டின் கிழக்குக் கரைப் பக்கமாக, அங்கோனா நகருக்கு அண்மையில் உள்ள கியாரவாலே என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆந் திகதி மரியா பிறந்தார். தந்தையார் அலெசான்றோ அரசாங்க நிதிப் பகுதியில் உத்தியோகம் பார்த்தவர். தாயார் றெனில்டே புத்தகங்களிற் பற்றுடையவர். மரியா அவர்களுக்கு ஒரே பிள்ளை. 1875இல் குடும்பம் உரோமாபுரியிற் குடியேறியது.

பெண்பிள்ளை படித்தால் ஆசிரியையாகலாம், அதற்கு மேல் வேண்டியதில்லை என்று எண்ணப்பட்ட காலம் அது. மரியாவோ 13ஆவது வயதில் ஆண்பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பாடசாலையிற் சேர்ந்தார். முதலிற் பொறியியலை நாடி, பின்னர் வைத்தியம் படிக்கவேண்டுமென்று உறுதிகொண்டார். தந்தையாருக்கு அது விருப்பமில்லை. தாயார் மகளின் பக்கத்தில் நின்றார்.

உரோமைப் பல்கலைக்கழகத்திலே பிரேதத்தை அறுத்துப் படிக்கும் பாடத்துக்கு ஒரு பெண் ஆண்களோடு சேர்ந்து நிற்பது தகாதென்றிருந்தது. மற்ற மாணவர்கள் போன பின்னர், மாலை வேளையில், அந்த அறையிலே அவர் தனியே இருந்து படிக்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் மனமுடைந்து, இனி இந்தப் படிப்பே வேண்டாம் என்று எண்ணிக்கொண்டு பின்சியோப் பூங்கா வழியாக வீட்டுக்கு நடந்தார் என்று அவருடைய சரித்திரத்தை எழுதினோர் சொல்வார்கள். வழியிலே ஓர் ஏழைப்பெண் கையேந்திக்கொண்டிருந்தாள். அவள் அருகே இரண்டு வயது மதிக்கத்தக்க பிள்ளையொன்று நிலத்தில் இருந்தது. அதன் கையிலே ஒரு சிவப்புக் கடதாசித் துண்டு. பசியையும் அழுக்கையும் போவோர் வருவோரையும் மறந்து, அந்தச் சிவப்பு நிறத்திலேயே பிள்ளை ஆழ்ந்திருந்தது. மரியா நின்று பார்த்தார். ஏன் என்று தமக்கே விளங்காத ஓர் உந்துதலோடு திரும்பி, விட்டு வந்த அறைக்கே போய்ச் சேர்ந்தார்.

1896இல் அவர் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டத்தைப் பெற்ற முதற் பெண்கள் சிலருள் அவரும் ஒருவர்.

தரையிலே தேடிய கைகள்

பட்டம் பெற்றபின் பல்கலைக்கழகத்து மனநோய் வைத்தியப் பகுதியில் உதவி வைத்தியராகக் கடமை ஏற்றார். அக்காலத்திலே அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளை மனநோயாளர் விடுதியிலேயே பெரியவர்களோடு அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு விடுதியிலே சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் தரையில் விழுந்து பாண் துணிக்கைகளைத் தேடிப் பொறுக்குவதைப் பராமரிப்பவள் அருவருப்போடு காட்டினாள். அவளுடைய கண்ணுக்கு அது பெருந்தீனி ஆசை. இளம் வைத்தியரோ அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். வெறுஞ் சுவர், வெறுந் தரை. பிள்ளைகள் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, தொடுவதற்கு ஒன்றுமில்லை. அவர்களுக்கிருந்த பசி வயிற்றுப் பசியன்று, கண்ணினதும் கையினதும் பசி என்று அவர் கண்டுகொண்டார். இருவரும் பார்த்தது ஒரே காட்சிதான்.

இதற்கு வழி தேடியபோது பிரான்சு தேசத்து வைத்தியர் இருவருடைய நூல்கள் அவர் கையிற் கிடைத்தன. ஒருவர் இட்டார். அவேரோன் காட்டுப் பகுதியிற் பிடிபட்ட, பேச்சறியாத சிறுவன் ஒருவனை 1800ஆம் ஆண்டு முதல் பாரிஸ் நகரிலே வைத்துப் பயிற்ற முயன்றவர். மற்றவர் அவருடைய மாணாக்கர் சேகன். பார்வை, செவி, தொடுகை ஆகிய புலன்களை ஒவ்வொன்றாகப் பழக்கி, அதன் வழியே அறிவை எழுப்பலாம் என்பது இவர்கள் காட்டிய வழி. மொண்டிசோரி அம்மையார் இந்நூல்களைத் தம் கைப்பட மொழிபெயர்த்து எழுதி, வரி வரியாகப் படித்தார்.

1900இல் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஆசிரியர்களைப் பயிற்றும் கலாசாலையொன்று உரோமாபுரியில் ஆரம்பமாயிற்று. அம்மையாரும் டொக்டர் யுசேப்பே மொந்தெசானோ என்பவரும் அதனைச் சேர்ந்து நடத்தினார்கள். ஒன்றுக்கும் உதவார் என்று தள்ளப்பட்ட பிள்ளைகள் சிலர் அங்கே படித்து, சாதாரண பிள்ளைகளுக்கான வாசிப்பு, எழுத்துப் பரீட்சையிலே சித்தியடைந்தனர். ஊர் வியந்தது. அம்மையாருக்கு வேறு ஓர் எண்ணம் எழுந்தது. நோயுற்ற பிள்ளைகள் இவ்வளவு தூரம் வரலாமென்றால், சுகமுள்ள பிள்ளைகளை இவ்வளவு கீழே வைத்திருப்பது எது?

மறைந்திருந்த மகன்

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுவது உண்மைக்குப் பொருந்தாது. 1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆந் திகதி மொண்டிசோரிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை மொந்தெசானோ. இருவருக்கும் விவாகம் நடைபெறவில்லை. பின்னர் மொந்தெசானோ வேறொரு பெண்ணை மணந்தார். 1901இல் அம்மையார் அந்தக் கலாசாலையை விட்டு விலகினார். மாரியோ என்னும் பெயருடைய குழந்தை நாட்டுப்புறத்துக் குடும்பமொன்றிடம் வளர்க்கக் கொடுக்கப்பட்டது. தாய் இடைக்கிடை போய்ப் பார்த்து வருவார். தாமே தாய் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

அக்காலத்துச் சமூகம் அப்படிப்பட்ட தாயை மன்னித்திராது. உத்தியோகமும் போயிருக்கும், உழைப்பும் அழிந்திருக்கும். இதைக் கொண்டு அவர் செய்ததைச் சரியென்று நாட்டவும் வேண்டாம், கல்லெறியவும் வேண்டாம். ஊரார் பிள்ளைகளை உற்றுப் பார்க்க உலகத்தைப் பழக்கிய கண்கள், சொந்தப் பிள்ளை வளர்வதை நாள்தோறும் பார்க்க முடியாமல் ஆண்டுக்கணக்காகத் தவித்தன என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

மூவிராசாக்கள் திருநாளிலே

உரோமாபுரியிலே சான் லொறென்சோ என்பது வறியவர்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி. ஒரு கட்டடக் கம்பனி அங்குள்ள வீடுகளைத் திருத்தி ஏழைக் குடும்பங்களைக் குடியேற்றியது. தாய் தந்தையர் வேலைக்குப் போனபின், பாடசாலை வயதை எட்டாத சிறுவர்கள் படிகளிலே ஓடிச் சுவர்களைப் பழுதாக்கினார்கள். அவர்களை ஓர் அறையிலே கூட்டிவைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. அம்மையார் அந்தப் பொறுப்பை ஏற்றார். புகழ் பெற்ற ஒரு வைத்தியருக்கு இது தகுதிக்குக் குறைந்த வேலை என்று பலர் நினைத்தார்கள்.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆந் திகதி, மூவிராசாக்கள் திருநாளன்று, மார்சித் தெருவின் 58ஆம் இலக்க வீட்டிலே சிறுவர் இல்லம் திறக்கப்பட்டது. விண்மீனைக் கண்டு வழி தேடிப் போன ஞானிகளின் நாளிலே, பார்வையைப் பழக்கும் பள்ளி தொடங்கியது பொருத்தமானதே. ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகள். பலர் அழுத கண்ணும் வெருண்ட பார்வையுமாக வந்தவர்கள். அம்மையார் அவர்களுக்கு ஏற்ற சிறு மேசைகளும் கதிரைகளும் செய்வித்தார். பெரிய வாங்குகளிலே வரிசையாக இருத்தி, அசையாதே என்று அதட்டும் வழக்கத்தை விட்டார்.

கண்ணைப் பழக்கிய கருவிகள்

அங்கே பார்வையைப் பழக்க அவர் வைத்த பொருள்கள் மிக எளியவை. ஒரு நீண்ட மரக்கட்டையிலே பத்துக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் பொருந்தும் ஒவ்வோர் உருளை. தலையிலே பிடித்துத் தூக்கச் சிறு குமிழ். பிள்ளை பத்தையும் வெளியே எடுத்துக் கலந்துவிட்டு, ஒவ்வொன்றையும் அதனதன் குழியில் வைக்கவேண்டும். ஓர் உருளையைப் பிழையான குழியில் வைத்தால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் மிஞ்சும். பிழையென்று ஆசிரியை சொல்லவேண்டியதில்லை. பிள்ளையின் கண்ணே அதைக் கண்டுபிடிக்கும், கையே திருத்தும்.

அடுத்தது இளஞ்சிவப்புக் கோபுரம். ஒரு சென்ரிமீற்றர் முதல் பத்துச் சென்ரிமீற்றர் வரை பத்துக் கனக் கட்டைகள். பெரியதைக் கீழேயும் சிறியதை மேலேயும் வைத்து அடுக்கவேண்டும். எல்லாம் ஒரே நிறம், ஒரே வடிவம். அளவு ஒன்றுதான் வேறுபடும். கண் ஒரு வேற்றுமையை மாத்திரம் நாடிச் செல்லட்டும் என்பதற்காகவே மற்றவை மாறாமல் வைக்கப்பட்டன. நீளத்தைப் பழக்கப் பத்துச் சிவப்புக் கோல்கள்; மிகக் குட்டையானது பத்துச் சென்ரிமீற்றர், மிக நெடியது ஒரு மீற்றர்.

நிறங்களுக்குச் சிறு பலகைகள். முதற் பெட்டியிலே சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றும் இவ்விரண்டு. சோடி சேர்ப்பதே வேலை. பின்னர் பல நிறங்கள். கடைசிப் பெட்டியிலே ஒன்பது நிறங்கள், நிறத்துக்கு ஏழு சாயல்களாக 63 பலகைகள். கடும் நீலத்திலிருந்து வெளிறிய நீலம் வரை ஒழுங்காக வைக்க நாலு வயதுப் பிள்ளை பழகிவிடும். பெரியவர்கள் பலர் அதிலே தடுமாறுவதுண்டு.

பெயர் சொல்லிக் கொடுப்பதற்குச் சேகன் காட்டிய மூன்று படிகளை அம்மையார் எடுத்துக்கொண்டார். முதலாவது, பலகையைக் காட்டி, இது சிவப்பு, இது நீலம் என்று அளந்த சொற்களிற் சொல்வது. இரண்டாவது, சிவப்பை எடுத்துத் தரும்படி பிள்ளையைக் கேட்பது. மூன்றாவது, ஒன்றைக் காட்டி இது என்ன நிறம் என்று வினவுவது. பிள்ளை மாறிச் சொன்னால் ஏசக்கூடாது, வற்புறுத்தவும் கூடாது. சிரித்த முகத்தோடு எடுத்து வைத்துவிட்டு, இன்னொரு நாள் தொடங்கவேண்டும். அது பிள்ளையின் குற்றமன்று. அந்த நேரம் இன்னும் வரவில்லை, அவ்வளவே.

கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் பயிற்சிகளும் இருந்தன. துணியாற் கண்ணைக் கட்டி, பொருள்களைக் கையாலே தடவி இன்னதென்று அறிவார்கள். பிள்ளைகளுக்கு அது பெரு மகிழ்ச்சி. கண் செய்யும் வேலை எது, கை செய்யும் வேலை எது என்பதும், ஒன்று மற்றதற்கு எவ்வளவு துணை என்பதும் இதனாற் பிள்ளைக்குத் தானாகவே விளங்கியது. கண்ணாலே மட்டும் பார், கையை வையாதே என்பது எங்கள் வீடுகளில் நாள்தோறும் கேட்கும் கட்டளை. சிறு பிள்ளைக்குக் கையும் ஒரு கண்தான் என்பதை அம்மையார் அறிந்திருந்தார்.

ஒருமுறை மூன்று வயதுச் சிறுமியொருத்தி உருளைக் கட்டையோடு இருந்தாள். அவளைச் சூழ மற்றப் பிள்ளைகளைப் பாடி ஆடச் செய்தார்கள். அவளைக் கதிரையோடு தூக்கி மேசைமேல் வைத்தார்கள். அவள் கட்டையை மடியிலே வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். அம்மையார் எண்ணிக்கொண்டே இருந்தார். நாற்பது தடவைக்கு மேலாக அவள் அதனையே செய்தாள். பின்பு தானாக நிறுத்தி, நன்றாக உறங்கி எழுந்தவள்போல முகமலர்ச்சியோடு நிமிர்ந்து பார்த்தாள். சிறு பிள்ளைகளுக்குக் கவனம் இல்லை என்ற பேச்சு அன்றோடு அவர் மனத்திலிருந்து அகன்றது.

தண்ணீர்த் தொட்டியும் சிறு கதிரையும்

அம்மையார் தமது நூலிலே எழுதிவைத்த இன்னொரு நிகழ்ச்சி எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒருநாள் பிள்ளைகள் ஒரு தண்ணீர்த் தொட்டியைச் சூழ்ந்து நின்றார்கள். அதிலே விளையாட்டுப் பொருள்கள் மிதந்தன. இரண்டரை வயதுச் சிறுவன் ஒருவன் வெளியே தனித்து நின்றான். உள்ளே நுழையப் பார்த்தான்; பலம் போதவில்லை. சற்று நின்று யோசித்தான். சுற்றுமுற்றும் பார்த்தபோது சிறு கதிரையொன்று கண்ணிற் பட்டது. அதைக் கொண்டுபோய் வைத்து ஏறி நின்றால் எல்லாம் தெரியும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்திலே ஒளி வந்தது. கதிரையை நோக்கி நடந்தான்.

அந்த நேரத்திலே ஆசிரியை ஓடிவந்து, பாவம், பிள்ளையும் பார்க்கட்டும் என்று அவனைத் தூக்கிப் பிடித்துத் தொட்டியைக் காட்டினார். அவன் பார்த்தான். ஆனால் முகத்திலிருந்த ஒளி போய்விட்டது. தானாக ஒரு தடையை வென்று காணும் மகிழ்ச்சி அவனுக்குக் கிடைக்கவில்லை. இனி யாராவது தூக்கிக் காட்டுவார்கள் என்று காத்திருக்கும் பிள்ளையின் முகமே மிஞ்சியது.

அந்த ஆசிரியை கெட்டவர் அல்லர். அன்பினாலேதான் தூக்கினார். எங்கள் வீடுகளிலே நாங்கள் நாள்தோறும் செய்வதும் அதுதான். தொட்டியைக் காட்டினார்; பிள்ளையைப் பார்க்கவில்லை.

கண்ணாடி வகுப்பறை

1909இல் அம்மையாரின் முதல் நூல் வெளிவந்தது. சில ஆண்டுகளுக்குள் பல மொழிகளிலும் பரவியது. 1912ஆம் ஆண்டு இறுதியில் தாயார் காலமானார். அடுத்த ஆண்டு, பதினைந்து வயது நிரம்பிய மாரியோ தாயிடம் வந்து சேர்ந்தார். அதன்பின் இறுதிவரை இருவரும் பிரியாது உழைத்தனர். ஆயினும் உலகத்தின் முன்னிலையில் அவர் மருமகன் என்றோ, வளர்ப்பு மகன் என்றோ சொல்லப்பட்டார்.

1915இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரிலே பெரும் பொருட்காட்சியொன்று நடைபெற்றது. அங்கே கண்ணாடிச் சுவர்களையுடைய வகுப்பறையொன்று அமைக்கப்பட்டது. உள்ளே பிள்ளைகள் தத்தம் வேலையிலே ஈடுபட்டிருந்தார்கள். வெளியே திரளான மக்கள் நின்று அவர்களைப் பார்த்தார்கள். பொருட்காட்சியிலே எத்தனையோ இயந்திரங்கள் இருந்தன. சனங்கள் வியப்போடு நின்று பார்த்ததோ, யாரும் ஏவாமல் அமைதியாக வேலை செய்யும் சிறு பிள்ளைகளை.

ஆலயத்திலே பிள்ளையின் கண்

1916 முதல் 1936 வரை ஸ்பானியாவின் பார்சலோனா நகரம் அம்மையாரின் இருப்பிடமாயிற்று. கத்தோலிக்கரான அவர் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கற்பிக்கும் வழியை அங்கே ஆராய்ந்தார். சிறுவர்களுக்கென ஒரு சிற்றாலயம் அமைக்கப்பட்டது. கதிரைகளும் மற்றப் பொருள்களும் அவர்கள் உயரத்துக்கு ஏற்றவை. பீடத்தையும் பூசைப் பாத்திரங்களையும் உடைகளின் நிறங்களையும் அருகிலே நின்று பார்த்துப் பெயர் அறிந்தார்கள். பிள்ளைகளே நிலத்திலே கோதுமை விதைத்தார்கள். திராட்சைக் கொடியும் வளர்த்தார்கள். விதை முளைத்துக் கதிராகி, மாவாகி, அப்பமாகிப் பீடத்துக்குப் போவதை அவர்கள் கண்ணாற் கண்டார்கள். ஞானோபதேசம் வாய்ப்பாடமாக மட்டும் நில்லாமல் கண்ணுக்கும் கைக்கும் உரியதாயிற்று. இம்முயற்சியிலிருந்து 1922இல், திருச்சபையில் வாழும் சிறுவரைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது.

எங்கள் கோவில்களிலே சிறு பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். பெரியவர்களின் முதுகுக்குப் பின்னால் நிற்பவர்கள் பீடத்தை எப்படிக் காண்பார்கள்? பச்சை உடுப்போடு வந்த சுவாமி இன்றைக்கு ஏன் ஊதா உடுத்தியிருக்கிறார் என்று பிள்ளை கேட்டால், பூசை நேரத்தில் வாயை மூடு என்பதோடு நில்லாமல், வீட்டுக்கு வந்த பின்னாவது பதில் சொல்லவேண்டும். அது குழப்படியன்று. கண் திறந்திருக்கிறது என்பதன் அடையாளம்.

நாடு கடந்து வந்த தாயும் மகனும்

இத்தாலியிலே முசோலினியின் ஆட்சி முதலில் அம்மையாரின் பாடசாலைகளுக்கு ஆதரவு கொடுத்தது. அவரும் அந்த ஆதரவை ஏற்றார். பிள்ளைகளை அரசின் படையாக ஆக்கும் நோக்கம் தெளிவானபோது இணக்கம் முறிந்தது. 1934இல் அவர் இத்தாலியை விட்டு நீங்கினார். அங்கே அவருடைய பாடசாலைகள் மூடப்பட்டன. ஹிட்லரின் ஜேர்மனியிலும் அவை மூடப்பட்டன. 1936இல் ஸ்பானிய உள்நாட்டுப் போர் அவரைப் பார்சலோனாவிலிருந்தும் துரத்தியது. ஒல்லாந்து அடைக்கலம் கொடுத்தது.

1939ஆம் ஆண்டு இறுதியில், 69ஆவது வயதில், சென்னை அடையாற்றிலுள்ள பிரமஞான சபையாரின் அழைப்பை ஏற்று மாரியோவோடு வந்து சேர்ந்தார். முந்நூறுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயிற்சி பெற்றனர். சில மாதங்களுக்கென வந்தவர்களை உலகப்போர் தடுத்து நிறுத்தியது. 1940 ஜூன் மாதத்தில் இத்தாலி போரிற் சேர்ந்ததும், அவர்கள் பகை நாட்டவர் ஆனார்கள். மாரியோவைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மையார் அடையாற்று வளவை விட்டு வெளியேறக்கூடாதென்று கட்டளை பிறந்தது. மீண்டும் தாய் ஓரிடம், மகன் ஓரிடம்.

அவ்வாண்டு ஆகஸ்ட் 31ஆந் திகதி அம்மையாருக்கு எழுபது வயது நிறைந்தது. அன்று இந்திய இராசப்பிரதிநிதியிடமிருந்து ஒரு தந்தி வந்தது. எழுபதாவது பிறந்த நாளுக்கு என்ன பரிசு அளிப்பதென்று ஆலோசித்து, அவருடைய மகனைத் திருப்பிக் கொடுப்பதே மேலான பரிசு என்று அரசாங்கம் தீர்மானித்திருந்தது. மாரியோ விடுதலையானார். வளர்ப்பு மகன் என்றல்ல, மகன் என்றே தந்தி சொன்னது. 42 ஆண்டுகளாக ஊராருக்கு மறைத்து வைத்த ஒரு சொல், அந்நிய அரசாங்கத்தின் கடதாசியிலே வெளிச்சத்துக்கு வந்தது.

பின்னர் இருவரும் கொடைக்கானல் மலையில் வசித்து, பிள்ளைகளோடு செடி கொடிகளையும் பூச்சி புழுக்களையும் பார்த்து ஆராய்ந்தார்கள். 1944இல் அம்மையார் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் பெயர் எங்கள் பிள்ளைகளின் வாயிலே இன்றும் வழங்குவதற்கு அந்த வருகையும் துணை செய்திருக்க வேண்டும். 1946இல் ஐரோப்பாவுக்குத் திரும்பி, மறுபடியும் இந்தியாவுக்கு வந்து போனார். சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1952ஆம் ஆண்டு மே 6ஆந் திகதி ஒல்லாந்தின் கடற்கரை ஊராகிய நோர்ட்வைக்கில், மாரியோ அருகிலிருக்க, 81ஆவது வயதில் அவர் உயிர் பிரிந்தது. அவ்வூர்க் கத்தோலிக்க சேமக்காலையிலே அடக்கம் செய்யப்பட்டார். தாயின் பணியை 1982இல் இறக்கும்வரை மாரியோ தொடர்ந்து செய்தார்.

எங்கள் வீடுகளுக்கு

விலை உயர்ந்த பெட்டிகள் எல்லா வீட்டிலும் இருக்க முடியாது, வேண்டியதுமில்லை. கடலையும் பயறும் உழுந்தும் கலந்து பிள்ளை முன் வைத்தால் அது கண்ணாலே பிரித்தெடுக்கும். முற்றத்திலே விழுந்த இலைகளைப் பெரியது சிறியதாக அடுக்கும். கடற்கரையிலே பொறுக்கிய சிப்பிகளை நிறம் பார்த்துச் சோடி சேர்க்கும். சிறு வித்துக்களை வாயிலும் மூக்கிலும் வைக்காதபடி அருகிலே இருந்து பார்த்துக்கொண்டாற் போதும். ஒன்றை மட்டும் தவிர்க்கவேண்டும். பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கும்போது எங்கள் கை முந்தக்கூடாது.

மொண்டிசோரி ஒரு வைத்தியர் என்பதையும் மறக்கவேண்டாம். பிள்ளைகளை அளந்து, நிறுத்து, குறித்து வைத்தே அவர் தமது பள்ளியை நடத்தினார். படங்களை முகத்தோடு ஒட்டிப் பார்க்கும் பிள்ளை, கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கும் பிள்ளை, சிவப்பையும் பச்சையையும் ஓயாமல் மாறிச் சொல்லும் பிள்ளை மந்தமான பிள்ளை என்று தீர்ப்புச் சொல்ல முன் கண் வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டவேண்டும். நிறம் பிரித்தறிய முடியாத குறை ஆண்பிள்ளைகளிடமே அதிகம். அடித்துத் திருத்தக்கூடியதல்ல அது. பார்வைக் குறைவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி போதும் என்றிருக்க, அடிவாங்கி அழுத பிள்ளைகள் எத்தனையோ பேர்.

நம் ஆண்டவர் சீடர்களுக்குப் பெரியவன் யார் என்பதைக் கற்பிக்க விரும்பியபோது, ஒரு சிறு பிள்ளையை அழைத்து அவர்கள் நடுவிலே நிறுத்தினார். பிள்ளைக்கு அன்று அவர் பாடம் நடத்தவில்லை. சுற்றி நின்ற பெரியவர்கள் அந்தப் பிள்ளையைப் பார்க்கவேண்டியிருந்தது. நாளைக் காலையில் மொண்டிசோரிக்குப் புறப்படும் பிள்ளையின் சப்பாத்துக்கு நாங்கள் அவசரப்பட்டு வார் பூட்டிவிடுமுன், அது தானே பூட்ட முயலும் முகத்தை ஒரு நிமிடம் நின்று பார்ப்போம்.